எடைக்கு எடை

2025 ஜூன் 12, வியாழன்

இன்று எனக்கு அறுபத்தேழு வயது, மூன்று மாதம், இரண்டு நாள். இவ்வளவு துல்லியம் என் விருப்பம் அன்று. காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசிப் பெண் கேட்டாள், கணக்கிட்டுச் சொன்னேன். அடுத்து எடையைக் கேட்டாள். தெரியாது என்றேன். முப்பத்தைந்து ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவள் நான். கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்குவரை நிறுக்க மாணவர்களைப் பழக்கியிருக்கிறேன். தராசைப் பிறருக்குக் கற்பிப்பவர் தானே அதில் ஏற வேண்டும் என்று எந்தப் பாடத்திட்டமும் சொல்லவில்லை.

மூட்டு மருத்துவர் நேற்று என் முழங்கால்களின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூட்டை மாற்றலாம், ஆனால் இந்த உடம்பைச் சுமக்கப் புதிய மூட்டும் சம்மதிக்காது, எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்றார். நடந்து குறைக்க வேண்டுமாம். நடக்க முடிந்தால் அவரிடம் எதற்குப் போகிறேன்? பிறகு அவரே, இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை ஒன்று உண்டு, காப்பீடும் கிடைக்கக்கூடும் என்றார். ஓய்வுபெற்ற ஆண்டில் எடுத்த பாலிசி இதுவரை தூங்கிக்கொண்டிருக்கிறது. எழுப்பிப் பார்க்கலாம்.

எனக்கு வேண்டியது அழகு அன்று, மாடி. என் புத்தகங்கள் அனைத்தும் மாடியில் இருக்கின்றன, நான் மூன்று ஆண்டுகளாகக் கீழே இருக்கிறேன். என் நாத்தனார் பிரமநாயகி, வீட்டில் பிரமு, கேட்டதை எடுத்து வருவாள். நேற்று தாவரவியல் அகராதியைக் கேட்டேன். போன வருடத்துப் பஞ்சாங்கம் வந்தது. "ரெண்டும் தடியாத்தான இருக்கு மைனி" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

முதல் அறுவை மருத்துவர், திருநெல்வேலியில். வரவேற்பறைச் சுவர் முழுவதும் முன்னும் பின்னுமாக நோயாளிகளின் படங்கள். முன்படத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை, பின்படத்தில் ஒருவரும் வாயை மூடவில்லை. மருத்துவர் இளைஞர். காப்பீடு என்றதும் அவர் முகம் முன்படம் ஆயிற்று. தவணை வசதி இருக்கிறதாம், கையோடு முன்பதிவு செய்தால் தோல் இறுக்கும் சிகிச்சை இலவசமாம். தோல் தளர்ந்தே இருக்கட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 25, புதன்

இரண்டாமவர், நாகர்கோவிலில். அறுபத்தைந்தைத் தாண்டியவர்களைத் தொடுவதில்லை என்பது அவர் கொள்கை. என்னைப் பார்ப்பதற்கு முன் என் பிறந்த தேதியைப் பார்த்தார். அதன் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. திரும்பும் வழியில் பிரமு காருக்குள் அமர்ந்தபடியே மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து கைப்பையில் வைத்துக்கொண்டாள். நல்ல டாக்டர் அமைய வேண்டுமாம். உன் சாமிக்கு எடைக் குறைப்புப் பிரிவும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஒங்களுக்கு நம்பிக்கை இல்லன்னா இருக்கட்டும் மைனி. ஒங்களுக்கும் சேத்து நான் கும்பிட்டுக்கிடுதேன்."

இந்த வாதம் என் திருமணத்தன்று தொடங்கியது. என் கணவர் இருந்தவரை நடுவராக இருந்தார். அவர் போன பிறகு நடுவர் இல்லாமலே நடக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் பிரமுவின் கர்ப்பப்பையில் புற்று வந்து, முடியெல்லாம் கொட்டி, நூலாகி, மீண்டாள். மருந்து காப்பாற்றியது என்பேன். அம்மன் காப்பாற்றினாள் என்பாள். இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்றியிருக்கலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை சமாதானம் பேச வந்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரைத் திருப்பி அனுப்பினோம்.

ஜூலை 4, வெள்ளி

மதுரை. மூன்றாவது மருத்துவர் ஃபர்ஹானா. நாற்பத்தைந்து வயதிருக்கும், சுவரில் படம் ஏதும் இல்லை. என் சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு நின்று போவதற்காக நான் மாட்டிக்கொள்ளும் முகமூடி எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். வயதைக் கேட்டதும், இதயமும் நுரையீரலும் சம்மதித்தால் வயது தானாகச் சம்மதிக்கும் என்றார். பிறகு தரையில் பதித்திருந்த ஒரு தகட்டைக் காட்டினார்.

நான் ஏறுவதில்லை என்றேன். எவ்வளவு வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

"மேடம், மயக்க மருந்தக் கிலோ கணக்குலதான் குடுப்போம். நீங்க குத்துமதிப்பாச் சொன்னா நானும் குத்துமதிப்பாத்தான் எழுப்ப முடியும்."

என் ஆய்வகத்தில் நானே சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம். ஏறினேன்.

ஜூலை 5, சனி

நூற்று ஒன்பது. எழுதிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை.

ஜூலை 14, திங்கள்

இதயம் சம்மதித்துவிட்டது. நுரையீரல் சற்று முனகிவிட்டுச் சம்மதித்தது. மருத்துவமனையில் காப்பீட்டுப் பிரிவைப் பார்க்கும் செல்வராணி எனக்கு நிபந்தனைகளை விளக்கினாள். உயரத்துக்கும் எடைக்குமான எண் நாற்பதைத் தாண்ட வேண்டும், எனக்கு நாற்பத்தைந்து. தேர்வில்கூட நான் இவ்வளவு எளிதாக முதல் வகுப்பு வாங்கியதில்லை. பருமன் நாட்பட்டதாக இருக்க வேண்டும். மருந்து, உணவுக் கட்டுப்பாடு எல்லாம் முயன்று பயன்தரவில்லை என்று குடும்ப மருத்துவர் சான்று தர வேண்டும்.

குடும்ப மருத்துவர் பால்வண்ணன். என்னிடம் முதலாண்டு பி.எஸ்சி. படித்துவிட்டு, மறு ஆண்டே மருத்துவக் கல்லூரிக்கு இடம் கிடைத்துப் போனவன். ஐம்பத்தெட்டு வயதாகிறது, இன்னும் என் முன் நாற்காலியில் முழுதாக உட்காரமாட்டான். என் சிகிச்சைக் குறிப்புகள் அனைத்தையும் அன்றைக்கே மதுரைக்கு அனுப்பிவிட்டான்.

ஜூலை 21, திங்கள்

மழை. பிரமு அடை சுட்டாள். நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன் என்பது பதிவுக்காக.

ஆகஸ்டு 5, செவ்வாய்

மறுத்துவிட்டார்கள். செல்வராணி தொலைபேசியில் படித்துக் காட்டினாள். குடும்ப மருத்துவரின் குறிப்புகளின்படி கடந்த ஆண்டுவரை என் எடை எழுபத்தெட்டு. இப்போது நூற்று ஒன்பது. ஓராண்டுக்குள் முப்பத்தொரு கிலோ ஏறியிருக்கிறது என்றால் அது நாட்பட்ட பருமன் அன்று, வேறு நோயின் அறிகுறி, அதைக் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்யாமல் இரைப்பையை வெட்டுவது முறையன்று. நல்ல தர்க்கம். அவர்கள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்த எழுபத்தெட்டுதான் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. பழைய எடைக்கு வேறு சான்று இருந்தால் தரலாம் என்கிறாள்.

ஆகஸ்டு 6, புதன்

பால்வண்ணனை வரச் சொன்னேன். வந்தான். வழக்கம்போல் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தான். எழுபத்தெட்டு எந்த எந்திரம் காட்டிய எடை என்று கேட்டேன்.

"எந்த மெஷினும் இல்ல மேடம். ஒங்களப் போயி ஏறுங்கன்னு எப்படிச் சொல்றது? மொத தடவ ஒரு மரியாதைக்கு எழுபத்தெட்டுன்னு போட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கூட்டிப் போட்டு, அத நீங்க பாத்துட்டா வருத்தப்படுவீங்களேன்னு அதையே போட்டுக்கிட்டு வந்தேன்."

"ரத்த அழுத்தமும் மரியாதைக்குப் போட்டதுதானா?"

"ஐயோ, அது அளந்தது மேடம். அதுக்கு நீங்க கைய நீட்டுவீங்கள்ல."

அளக்காமல் அளவு எழுதிய மாணவர்களை நான் ஆய்வகத்தைவிட்டு வெளியே அனுப்பியிருக்கிறேன். இவனை அனுப்ப முடியாது; இவன் பொய்க்குக் காரணம் நான் வாங்கிய மரியாதை. இந்த ஊரில் எனக்குக் கடைக்காரர் நாற்காலி போடுவார், பேருந்தில் நடத்துநர் இடம் வாங்கித் தருவார், மருத்துவர் முப்பது கிலோ தள்ளுபடி தருவார். நடந்ததை அப்படியே கடிதமாக எழுதித் தரச் சொன்னேன். தருகிறேன் என்றான். அது மட்டும் போதாது என்பது இருவருக்கும் தெரியும். எழுபத்தெட்டு பொய் என்று அது சொல்லும். உண்மை எவ்வளவு என்று சொல்லாது.

பிரமு காபி கொண்டுவந்தாள். அவள் உள்ளே போகும்வரை ஏதோ சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டிருந்தான். பிறகு சொல்லாமலே போய்விட்டான்.

ஆகஸ்டு 9, சனி

பிரமு சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பால்வண்ணன் மறுபடி வந்தான். இம்முறை உட்காரவே இல்லை.

"மேடம், ஒங்க நெசமான எடை எனக்கு அப்பவே தெரியும். ஆறு வருசத்துக்கு முன்னால நீங்க ஒரு தராசுல ஏறுனீங்க. நானும் அன்னைக்கு அங்கதான் இருந்தேன். நூத்தி நாலுன்னு சத்தமாச் சொன்னாங்க."

பார்த்தவன் ஏன் வந்து வணக்கம் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"யாரும் பாத்திரக் கூடாதுன்னு இருக்கற மாதிரி இருந்தீங்க. நான் அந்தப் பக்கமாப் போயிட்டேன்."

உண்மைதான். மதுரைக்கு முந்தைய இருபது ஆண்டுகளில் நான் ஒரே ஒரு முறை ஒரு தராசில் ஏறியிருக்கிறேன். அது மருத்துவமனைத் தராசு அன்று. அது எங்கே இருந்தது என்பதை இந்த நோட்டில்கூட நான் எழுதியதில்லை, இன்றும் எழுதப்போவதில்லை. அதைப் பார்த்தவர்களில் எனக்குத் தெரிந்த ஒரே சாட்சி மருத்துவனாக இருப்பது என் நல்வாய்ப்பு. அவன் கண்ணால் கண்டதை எழுதித் தரத் தயார். ஆனால் இடத்தையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அது இன்னொரு எழுபத்தெட்டு.

எழுதினால் பிரமுவுக்குத் தெரியவரும். கடிதங்களையும் தொலைபேசியையும் இந்த வீட்டில் முதலில் எடுப்பவள் அவள்தான். யோசித்துச் சொல்வதாக அனுப்பினேன்.

ஆகஸ்டு 10, ஞாயிறு

யோசிக்கிறேன். நாற்பது ஆண்டுகளாக இந்த வீட்டில் எனக்கென்று அசையாத நிலைப்பாடு ஒன்று இருக்கிறது. ஒரு மாடிக்காக அதைக் கொடுப்பதா?

மாலையில் பிரமுவிடம் பழைய ஆய்விதழ் ஒன்றை எடுத்துவரச் சொன்னேன். மூன்று முறை ஏறி இறங்கினாள், மூன்று முறையும் வேறு எதையோ கொண்டுவந்தாள். மூன்றாம் முறை மூச்சு வாங்கியது. "நாலாவது தடவையும் போவேன் மைனி, அட்ட என்ன கலருன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். அவளுக்கும் அறுபத்து நான்கு வயது ஆகிறது. வேண்டாம், உட்கார் என்றேன்.

ஆகஸ்டு 11, திங்கள்

பால்வண்ணனை அழைத்து எழுதச் சொல்லிவிட்டேன். இடம் உட்பட.

ஆகஸ்டு 22, வெள்ளி

கடிதம் மேல்முறையீட்டோடு போய்விட்டது. டாக்டர் ஃபர்ஹானாவும் தன் பங்குக்கு ஒன்று எழுதியிருக்கிறார். பால்வண்ணனின் கடிதத்தைப் படித்தாராம். தொலைபேசியில், "இப்படி ஒரு ரெகார்ட நான் இதுவரைக்கும் பாத்ததில்ல மேடம்" என்றார். சிரித்தாரா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. எலுமிச்சை ஊறுகாய் போட்டோம். எனக்கு உப்புக் குறைவாக, தனி ஜாடி.

செப்டம்பர் 3, புதன்

நான் குளித்துவிட்டு வரும்போது தொலைபேசி அடித்தது. பிரமு எடுத்தாள். அறைவாசலில் நின்றுவிட்டேன். மறுபக்கம் கேட்டது என்ன என்று எனக்குக் கேட்கவில்லை. இவள் சொன்னது மட்டும் கேட்டது.

"ஆமா, இந்த வீடுதான்… இல்ல, நான் அவுகளுக்கு நாத்தனாரு… எது?… எந்த வருசம்னு சொன்னிய?"

அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. நான் இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"ஆமா. குடுத்தாக. நூத்தி நாலு, சரிதான். நானும் கூடப் போயிருந்தேன், பக்கத்துல நின்னு பாத்தேன்."

அவள் வரவில்லை. அன்றைக்கு அவள் இந்த வீட்டில், இந்தக் கட்டிலில், கொட்டிய முடி அப்போதுதான் முளைக்கத் தொடங்கிய தலையோடு படுத்திருந்தாள். நான் நாகர்கோவிலுக்குச் செய்முறைத் தேர்வு நடத்தப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு, பாதியில் விட்ட முருங்கைக் கீரையை மறுபடி ஆயத் தொடங்கினாள். யார் என்று கேட்டேன்.

"இன்சூரன்ஸ்காரக. கேட்டாக, சொன்னேன்."

நாற்பது ஆண்டுகளில் எனக்கு எதிராகக் கிடைத்த மிகச் சிறந்த சான்றை அவள் கையில் வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரை வழக்கத்தைவிடச் சுத்தமாக இருந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

ஒப்புதல் வந்துவிட்டது. செல்வராணி மூச்சு விடாமல் சொன்னாள். பிரமு மஞ்சள் துணியை அவிழ்த்து, அந்த ஒரு ரூபாயை உண்டியலுக்கென்று எடுத்து வைத்தாள். கேலி செய்யும் தகுதி எனக்குச் சற்றுக் குறைந்திருக்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

அறுவைக்கு முன் இரண்டு வாரம் நீராகாரம் மட்டும். ஈரல் சுருங்க வேண்டுமாம். மோர், தெளிந்த ரசம், புரதப் பொடி. புரதப் பொடி ஆய்வகச் சாக்பீஸின் சுவை கொண்டது. ஒருநாளாவது பானகம் கரைத்துத் தரக்கூடாதா என்று பிரமுவிடம் கேட்டேன். நான் எதையும் கெஞ்சிக் கேட்பவள் அல்லள், பசி.

"வெல்லம் ஆகாதாம் மைனி. டாக்டரம்மா சொல்லிட்டாக." டம்ளரைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "ஒங்க கணக்குல வெல்லம் செலவானது போதும்."

நான் புரதப் பொடியைக் குடித்து முடித்தேன்.

செப்டம்பர் 27, சனி

நேற்று நடந்தது. நான்கைந்து சிறு துளைகள் மட்டும். ஃபர்ஹானா என் இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்; மீதி ஒரு வாழைப்பழ அளவு இருக்குமாம். கண் விழித்ததும் நான் முதலில் கேட்டது, எடுத்த பகுதியின் எடை என்ன என்பதாம். எனக்கு நினைவில்லை. செவிலியர் ஊர் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பால்வண்ணன் பார்க்க வந்தான். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். முழுதாக உட்கார்ந்தான்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. எனக்கு மசித்த இட்லி, இரண்டு தேக்கரண்டி. பிரமு அதிரசத்தை என் கண்ணில் படாமல் தின்கிறாள். வாசனை அவளைக் காட்டிக்கொடுக்கிறது.

டிசம்பர் 2, செவ்வாய்

தொண்ணூற்று மூன்று. தகட்டில் யாரும் சொல்லாமலே ஏறினேன். சர்க்கரை மாத்திரை ஒன்றாகக் குறைந்தது. முகமூடி இல்லாமல் தூங்கினால் நான் குறட்டை விடுவதில்லை என்று பிரமு சான்று தருகிறாள். அவள் சான்றுகளை நான் இப்போது எளிதில் நம்பிவிடுவதில்லை.

2026 பிப்ரவரி 8, ஞாயிறு

மாடியிலிருந்து எழுதுகிறேன்.

எடை எண்பத்தைந்து. முழங்கால் இன்னும் பழைய முழங்கால்தான். மாற்றுவது மே மாதம். ஆனாலும் கைப்பிடியைப் பற்றி, இடையில் இரண்டு முறை நின்று, ஏறிவிட்டேன். பிரமு என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். விழுந்தால் உன்னையும் சேர்த்துத்தான் நசுக்குவேன் என்றேன். "இப்ப அவ்வளவு கனமில்ல, ஏறுங்க" என்றாள். என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அப்பளம் பொரிக்கக் கீழே போயிருக்கிறாள்.

தூசி, ஒரு புறாக்கூடு, தலைகீழாக அடுக்கிய புத்தகங்கள். நல்ல மதியம். எழுதாமல் விட்டதை இனி எழுதலாம். தெரிய வேண்டாதவளுக்குத் தெரிந்துவிட்டது; அவள் அதை எனக்கு எதிராக ஒருமுறையும் பயன்படுத்தவில்லை.

அந்தத் தராசு கோயில் தராசு. பிரமுவுக்கு மூன்றாவது மருந்து ஏற்றிய இரவு காய்ச்சல் இறங்கவில்லை, இரத்த அணுக்கள் தரைமட்டத்தில் இருந்தன. மருத்துவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு நாளை பார்ப்போம் என்றார்கள். நாளைவரை எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. மருத்துவமனை நடைகூடத்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, இவள் பிழைத்தால் என் எடைக்கு எடை வெல்லம் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். யாரிடம் என்று எனக்கே தெளிவில்லை. பிழைத்தாள். மருந்தால்தான்; அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் சொன்ன சொல் சொல்தான். இல்லாதவரிடம் பட்ட கடனும் கடன்தான். போனேன்.

துலாபாரத் தட்டு சங்கிலியில் தொங்கியது. ஏறி உட்கார்ந்தேன். எதிர்த்தட்டில் அச்சு வெல்லத்தை மூட்டை மூட்டையாக அடுக்கினார்கள். எண்பது கிலோ ஏறியும் என் தட்டு அசையவில்லை. இருந்த வெல்லம் தீர்ந்து கடைக்கு ஆள் ஓடினான். பேத்தியின் வாழைப்பழத் துலாபாரத்துக்கு வந்திருந்த பால்வண்ணன் அப்போதுதான் எங்கோ நின்று பார்த்திருக்கிறான். கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. தொண்ணூறு. நூறு. வாழ்நாள் முழுவதும் என்னைக் குறையச் சொன்னவர்களைப் போல அல்லாமல், அந்தத் தட்டு இன்னும் கொண்டா, இன்னும் கொண்டா என்றது. நூற்று நான்கில் தட்டு மெல்ல எழுந்தபோது, பிரமுவின் உயிருக்கு இது போதுமா, இன்னும் சற்றுக் கனமாக இருந்திருக்கலாமே என்று நினைத்தேன்.